பூனையார் எங்களோடு இருந்த காலம்

இதை எழுதவேணும் என்று நினைக்கத் தொடங்கிக் கனவருசமாகிவிட்டது. பேனையை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், பிறகு கிழித்துப் போட்டுவிட்டு எழும்பிப் போவேன். காரணம் வெட்கம்தான். 2009இல் எங்கட சனத்துக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். நான் கோயிலில் காணுகிற ஆட்களில் எத்தனையோ பேர், காணாமல்போன ஒருவரின் படத்தை வீட்டில் மாட்டி, அதற்கு விளக்கு வைக்கிறதோ விடுகிறதோ என்று தெரியாமல் இருக்கிறவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்று, ஒரு பூனையை நினைத்து என் மனம் ஏங்குகிறது என்று எப்படிச் சொல்வது? அதோடு நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது.

ஆனால் ஏக்கம் பெரிய காரணம் சின்னக் காரணம் பார்த்து வருகிறதில்லை. அது வந்து இருந்துவிடும். முருகன் அறிய உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சுவிஸில் டீட்டிகோன் என்கிற ஊரில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு மாடி வீட்டின் மூன்றாம் தட்டில். நானும் மனைவியும் மட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை. மனைவிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. நான் ஒரு பெரிய சாமான் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன். யுத்தம் முடிந்ததற்கு அடுத்த குளிர்காலம் முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் தட்டில் எதிர்வாசலில் ஒரு சுவிஸ் அம்மா தனியாக இருந்தார். கலியாணம் கட்டாதவர், வயதானவர். எங்களுக்கும் அவருக்கும் பழக்கம் தொடங்கியதே சண்டையில்தான். இங்கே மாடி வீடுகளில் உடுப்புத் தோய்க்கிற மெசின் கீழே நிலவறையில் இருக்கும், வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் பாவிக்கலாம். எங்கள் முறை முடிந்து மெசினில் பஞ்சு கிடந்ததாம். கதவைத் தட்டி, அந்தப் பஞ்சை ஒரு கடுதாசியில் மடித்துக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். "ஹெர் நாஹ்பார், இது உங்கட சாமான்" என்றார். அயல்வீட்டு ஐயா என்று அர்த்தம். என்ர பேரைச் சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை, கடைசிவரைக்கும் ஹெர் நாஹ்பார்தான். அடுத்த கிழமை மனைவி வடை சுட்டு அனுப்பினாள். அதோடு சண்டை முடிந்தது.

அவரிடம் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், தொண்டையில் மட்டும் வெள்ளை. குட்டியில் வந்த நாள் தொடக்கம் வீட்டை விட்டு வெளியே போகாத பூனை. அதற்கு ஒரு பேர் இருந்தது. அது அவர் வைத்த பேர், அவருக்கே இருக்கட்டும். எங்கள் வீட்டில் நாங்கள் அதைப் பூனையார் என்றுதான் கூப்பிட்டோம். அதின்ர நடையைப் பார்த்தால் மரியாதை தானாக வரும்.

அந்த அம்மா குசினியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிராணிகளுக்கு இடமில்லை. பூனையை வைத்திருக்க விடுகிற இன்னொரு இல்லம் இருக்கிறது, ஆனால் அறை காலியாகும்வரை காத்திருக்கவேணும் என்று சொன்னார்களாம். நாங்கள் பார்க்கப் போனபோது கட்டிலில் படுத்தபடி என்ர கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல்தரம்.

"ஹெர் நாஹ்பார், எனக்கு அறை கிடைக்கிற வரைக்கும்தான். அது உயிரோட இருந்தால் மட்டும் காணாது. அது அதுவாகவே இருக்கவேணும்."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பூனையார் எங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால் போய்ப் படுத்தார். வெளியே வரவில்லை. நான் என்ன செய்தேன்? எங்கட ஆட்கள் ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்வினமோ அதைத்தான் செய்தேன். கோப்பையை நிரப்பினேன். கொஞ்சம் குறைந்தாலும் திரும்ப நிரப்பினேன். கோழி அவித்து நார் நாராகக் கிழித்து வைத்தேன். கேட்க முதல் வைக்கவேணும், கேட்டபிறகு வைக்கிறது அன்பில்லை என்றுதான் எங்களுக்குப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளி சைவம். மச்சப் பாத்திரமே வெளியே எடுக்கமாட்டோம். தயிரும் சோறும் குழைத்து வைத்தேன். பூனையார் வந்து மூக்கை வைத்து மணந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்துக் கோயிலில் பழக்கமான ஒரு அண்ணை வீட்டுக்கு வந்திருந்தார். "தம்பி, இது விரதமெல்லோ பிடிக்குது" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். அடுத்த கிழமை அட்லிஸ்வில் முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு இருக்கும்போது, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா எனக்கே அந்தக் கதையைச் சொன்னார். டீட்டிகோனில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத பூனை இருக்காம், தீபம் காட்டினால் கண்ணை மூடுமாம். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் குளிர் உடுப்புப் போட்டுக்கொண்டு, பால்கனியில் நின்று, தகரத்தில் அடைத்து வருகிற ரின்மீனைத் திறந்து, அங்கேயே வைத்தேன். முருகனுக்கும் பூனைக்கும் நடுவில் எனக்கு அதைவிட வேறு வழி தெரியவில்லை.

ஆனால் ரின்மீனையும் அது பாதிதான் தின்றது. பகல் முழுக்கப் படுக்கை. எழும்பினால் வாசல் கதவடியில் போய் இருக்கும், எதிர்வாசல் திறக்கிற சத்தம் கேட்காதோ என்று. பிறகு வயிற்றை நக்கத் தொடங்கியது. நக்கி நக்கி மயிர் போய், தோல் றோஸாகத் தெரிந்தது. ஞாயிறு தோறும் பார்க்கப் போகும்போது அந்த அம்மா கேட்பார், எப்படி இருக்கிறது என்று. நல்லாயிருக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் மெலிஞ்சுபோச்சு என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். இளம் பெண். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். உடம்பில் நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். அப்போ என்ன என்று கேட்டேன். வீட்டில் அது பகல் முழுக்க என்ன செய்யும் என்று திருப்பிக் கேட்டார். ஒண்டும் செய்யாது, சாப்பாடெல்லாம் நான் குடுக்கிறன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதுதான் வருத்தம்" என்றார்.

பூனை வேட்டைக்குப் பிறந்த சீவன், வீட்டுக்குள்ளே இருக்கிற பூனைக்கும் வேட்டை வேணும் என்று சொல்லித்தந்தார். சாப்பாட்டைக் கோப்பையில் போடாமல் அங்கங்கே ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். ஏறி இருந்து வெளியே பார்க்க உயரத்தில் ஒரு இடம் கொடுங்கள். தினமும் அதே நேரத்தில் கொஞ்சம் விளையாட்டு, முடிவில் அது எதையாவது பிடிக்க விடவேணும், பிடிக்காமல் முடித்தால் அதற்கு மனம் நொந்துபோகும். அப்போ வெளியில விட்டால் என்ன என்று கேட்டேன். இந்த வயதில், இந்த ரோட்டில், ஒருநாளும் வெளியே போகாத பூனை திரும்பி வராது என்றார்.

ரயிலில் பூனைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது எனக்குச் சரியான கோபம். வீட்டில் இருக்கிற வாய்க்குச் சாப்பாட்டை ஒளிக்கிறதோ? அது பாவமில்லையோ? மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஊரில பூனைக்குத் தெரியாமல் மீனை ஒளிப்பினம். இஞ்ச நீங்கள் பூனைக்காக ஒளிக்கவேணுமாம். செய்து பாருங்கோவன், உங்களுக்கும் வேலையில்லைத்தானே."

வேலையில்லைத்தானே என்ற சொல் என்னைக் குத்தியது. அவள் குத்தச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் சோபாவில் நான் ஒரு பக்கம், சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால் பூனையார் ஒரு பக்கம். அப்போது எனக்கு நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இருந்த முகாம் நினைவுக்கு வந்தது. நிலத்துக்குக் கீழே, யுத்தம் வந்தால் ஒளிக்கவென்று கட்டின அறைகளில் அகதிகளை வைத்திருந்த காலம். படுக்கை சுத்தம். சாப்பாடு நேரத்துக்கு வரும், ஒரு குறையும் இல்லை. வேலை செய்ய விடமாட்டார்கள். என்னோடு இருந்த ஒரு பொடியன், நல்ல வடிவான பொடியன், கட்டிலில் இருந்து தன்ர கையைத் தானே சொறிந்துகொண்டிருப்பான், புண்ணாகிற வரைக்கும். ஏனடா என்று கேட்டால், "சும்மா அண்ணை" என்பான்.

நான் எழும்பிப்போய்ப் பூனையாரின் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது. ரொய்லற் கடுதாசி முடிந்தால் நடுவில் ஒரு மட்டைக் குழாய் மிஞ்சுமே, அதில் கத்தரிக்கோலால் ஓட்டை வெட்டி, இரண்டு முனையையும் மடித்து, உள்ளே காய்ந்த பூனைச் சாப்பாடு போட்டு நிலத்தில் உருட்டி விடுவேன். முட்டைப் பெட்டியின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொன்று வைத்து மூடுவேன். முதல்நாள் பூனையார் மட்டைக் குழாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு பைத்தியகாரனைப் பார்க்கிற பார்வை. பிறகு கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு மணி வெளியே விழுந்தது. தின்றார். இன்னொரு தட்டு. நான் முதுகுநோவை மறந்து நிலத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவியின் தையல் மேசையை யன்னலடியில் இழுத்து, மேலே ஒரு கம்பளி விரித்தேன். அதில் ஏறி இருந்தால் ரயில் தெரியும், காகம் தெரியும், ரோட்டில் நாய் போகிறது தெரியும். பூனையார் ரயில்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு ரயில் வரும்போது இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தலையைத் திருப்பி, அது மறைந்தபிறகும் கொஞ்சநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

விளையாட்டுக்குத்தான் மசியவில்லை. கடையில் விற்கிற எலி வாங்கினேன், மணி வைத்த பந்து வாங்கினேன். சீண்டவேயில்லை. ஒருநாள் காலை நான் சாமியறையில் பூசை செய்துகொண்டிருந்தேன். சாமியறை என்றால் பெரிய அறை இல்லை, சின்ன அறையில் ஒரு தட்டு. நடுவில் வேல், பக்கத்தில் ஒரு செம்பில் மயிலிறகுக் கட்டு. கீழே சூடாக்கி வேலை செய்தால் வெப்பக்காற்று மேலே எழும்பி மயிலிறகு மெல்ல ஆடும். மணியை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் பூனையார். கண் இரண்டும் கறுத்துப் பெருத்து, பின்பக்கம் மெல்ல ஆட, மயிலிறகையே பார்த்துக்கொண்டு.

எனக்குத் திக்கென்றது. முருகனுக்கு வைத்த இறகு.

இரண்டு மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் மனைவியிடம் கேட்டேன். அவள் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள், திரும்பியும் பார்க்கவில்லை. "ஒரு பழத்துக்குக் கோவிச்சுக்கொண்டு மலை ஏறினவர். இறகை எடுத்தால் விடுவாரோ?" என்றாள். நான் பயந்துபோய் நின்றேன். அவளுக்கு என்னில் இரக்கம் வந்துவிட்டது. "பகிடிக்கப்பா. மயில் உதிர்த்து விட்ட இறகுதானே. ஒண்டை எடுங்கோ. அந்த மனுசி அங்க படுத்துக்கொண்டு காத்திருக்குது."

அடுத்த நாள் குளித்து, திருநீறு பூசி, முருகனிடம் சொல்லிவிட்டு ஒரு இறகை உருவினேன். கூடத்தில் நிலத்தோடு சேர்த்து மெல்ல இழுத்தேன். சோபாக் காலைச் சுற்றி, கதிரைக்குக் கீழே. சப்பாத்து அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு நான் என்ன நடந்தது என்று காணவில்லை. காற்றில் ஒரு சாம்பல் நிறம். இறகின் கண் அதின்ர இரண்டு கைக்கும் நடுவில். நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான், இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். வேலையால் வந்த மனைவி சப்பாத்தும் கழற்றாமல் வாசலில் நின்று எங்கள் இரண்டுபேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.  போய் முகம் கழுவினாள்.

வயிற்றில் மயிர் முளைத்தது. காலையில் நான் கண் முழிக்க முதல் கட்டில் தலைமாட்டில் வந்து நிற்கும். சங்காபிஷேகம் பார்க்கக் கோயிலுக்குப் போனாலும் பின்னேர விளையாட்டு நேரத்துக்கு வீட்டில் நிற்கவேணும் என்று மனம் அவசரப்படும். மனைவி கடைக்குப் போனால் முட்டையைப் பார்த்து எடுப்பதில்லை, பெட்டியைப் பார்த்துத்தான் எடுப்பாள். அந்த அம்மாவிடம் ஞாயிறு போனால், கைத்தொலைபேசியில் எடுத்த படங்களைக் காட்டுவேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை மூக்கோடு பிடித்துப் பார்ப்பார். ஒருநாள் பார்த்துவிட்டு, "இது அதுதான். அதுவாகவே இருக்கு" என்றார்.

எனக்கு அப்போதுதான் அவர் முதலில் சொன்னது விளங்கியது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் விளங்கியது. அது அதுவாக ஆக ஆக, நான் அதைத் திருப்பிக் கொடுக்கிற நாள் கிட்ட வருகிறது.

நான் விடியற்காலையில் முருகனிடம் ஏதாவது கேட்காமல் எழும்பினதில்லை. அந்த நாட்களில் விளக்கைக் கொளுத்திவிட்டுக் கேட்க ஒன்றுமில்லாமல் நின்றேன். அந்த அம்மாவுக்கு அறை கிடைக்கவேணும் என்று கேட்க நெஞ்சு வரவில்லை. கிடைக்கக்கூடாது என்று கேட்க வாய் வரவில்லை. திருநீற்றைப் பூசிக்கொண்டு சும்மா வெளியே வருவேன்.

இலைதுளிர் காலத்தில் அறை கிடைத்தது. அட்லிஸ்வில் போகிற ரயில்பாதை ஓரத்தில் ஒரு இல்லம். அவரே தொலைபேசி எடுத்தார். குரல் குமர்ப்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. நான் சந்தோசம் சந்தோசம் என்று டொச் மொழியில் எத்தனை விதமாகச் சொல்லமுடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன். வைத்துவிட்டுக் குசினியில் போய் இருந்தேன். மனைவி வந்து என்ர தலையில் கையை வைத்தாள்.

"இரவலைக் கேட்டவுடன குடுத்துப்போடவேணும். குடுத்திட்டு வந்து அழுங்கோ" என்றாள். அவள் முதலே அழுதிருந்தாள்.

இரண்டுபேருமாகத்தான் கொண்டுபோனோம். சின்ன அறை, ஆனால் பெரிய யன்னல். கூடையைத் திறந்தேன். பூனையார் வெளியே வந்து, கட்டில் காலை மணந்தார், சுவரை மணந்தார், கதிரையில் இருந்த அந்த அம்மாவின் பாதத்தை மணந்தார். அங்கே நின்றுவிட்டார். பிறகு ஒரே பாய்ச்சலில் மடியில். அந்த அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், அந்தப் பழைய பேரை. பூனையின் காது திரும்பியது.

நான் வேலை பழக்குகிற ஆள் மாதிரி எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். மட்டைக் குழாய் எப்படி வெட்டுவது, எங்கே ஒளிப்பது, யன்னலடியில் மேசை எந்தப் பக்கம் நிற்கவேணும், விளையாட்டு எந்த நேரம். மயிலிறகைக் கொடுத்தபோது அந்த அம்மா கதிரையில் இருந்தபடியே நிலத்தில் இழுத்துப் பார்த்தார். மெதுவாகத்தான் இழுத்தார். பூனையாரும் அதற்கேற்ற மாதிரி மெதுவாகப் பாய்ந்தார். முடிவில பிடிக்க விடவேணும் என்று நான் சொன்னேன். தெரியும் என்று அவர் சொன்னார்.

வெறுங்கூடையோடு ரயிலில் வந்தோம். பாரம் இல்லாத கூடை மடியில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. மனைவி அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகலாம் என்றுதான் கதைத்து வைத்திருந்தோம். போனோம். பூனையார் என்ர சத்தம் கேட்டவுடன் வாலைத் தூக்கிக்கொண்டு வருவார். அன்றைய நாள் முழுக்க எனக்கு அது காணும். ஒரு நாள் புறப்படும்போது அங்கே வேலை செய்கிற பெண் எனக்குப் பின்னால் வந்தாள். தயங்கித் தயங்கிக் கதைத்தாள். நாங்கள் வந்து போனால் பூனை அந்த அறைக் கதவடியில் போய் இருக்கிறதாம். இரண்டு நாளைக்குச் சாப்பாட்டைத் தேடாதாம். திரும்ப வயிற்றை நக்கத் தொடங்கியிருக்கிறதாம். அந்த அம்மா எனக்குச் சொல்லவேண்டாம் என்றாராம், ஹெர் நாஹ்பாருக்கு மனம் நோகும் என்று.

படியில் நின்று கொஞ்சநேரம் யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? கதவடியில் இருக்கிற பூனையை நான் ஏற்கெனவே பார்த்தவன். அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, முதுகு திரும்பப் பிடித்துக்கொண்டது, வரமுடியாது, தொலைபேசியில் கதைப்போம் என்றேன். அவர் சரி என்றார். பிறகு, "ஹெர் நாஹ்பார், உங்கட முதுகுக்கு நான் நன்றி சொல்லுறன்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஒரு வீட்டுப் பூனையைச் சந்தோசமாக வைத்திருக்க நான் செய்த எல்லாவற்றிலும் கடினமானது அதுதான், போகாமல் விட்டது. கொஞ்ச நாளில் அது திரும்பவும் இறகைப் பிடிக்கிறது, வயிறு ஆறிவிட்டது என்று அந்த அம்மா தொலைபேசியில் சொன்னார். நான் முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்தேன். ஐயர் யாருடைய பேருக்கு என்று கேட்டார். சாமி பேருக்கு என்றேன்.

கோயிலுக்குப் போகிற ரயில் அந்த இல்லத்தைத் தாண்டித்தான் போகும். நான் எப்போதும் அந்தப் பக்க யன்னலில்தான் இருப்பேன். சில நாட்களில் இரண்டாம் தட்டு யன்னலில் ஒரு சாம்பல் நிறம் தெரியும். ரயில் அதில் மெதுவாகப் போகாது. ஒரு மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான். மனைவி கூட வந்தால் என்ர முழங்கையைப் பிடிப்பாள். சில வருசங்களுக்குப் பிறகு அந்த யன்னலில் வேறு யாரோ பூச்சாடி வைத்திருந்தார்கள். ஆனாலும் இன்றைக்கும் நான் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

இதை வாசிக்கிற நீங்கள், வீட்டுக்குள்ளே ஒரு சீவனை வைத்திருக்கிற யாருக்காவது உதவும் என்று நினைத்தால் கொடுங்கோ. கொடுத்தால் இப்படியே கொடுங்கோ, ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கட சனம் அன்பு மிகுந்து ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடும், அதனால்தான் கேட்கிறேன். அந்த யன்னலில் இருந்து அது என்னைப் பார்த்தது என்று மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அது பார்த்தது ரயிலைத்தான். தலையை இடமிருந்து வலமாகத் திருப்பி, நல்ல சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.